பெட்டி புதுசு, உள்ளே யார்?

திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ புதுக் கம்ப்யூட்டர் வந்து சேர மூன்று வழிகள் உண்டு. சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியாக ஷோரூமிலிருந்தோ ஆன்லைனிலோ வருவது ஒன்று. தேரடியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினட் ஒரு கடை என்று பேரம் பேசி அசெம்பிள் செய்து தூக்கி வருவது இன்னொன்று. மூன்றாவது 'லாட்' சரக்கு. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிட்ட லேப்டாப்புகளைத் துடைத்து, பேட்டரி மாற்றி, புதுப் பையும் மவுஸும் சேர்த்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கு அதுவும் புதுசுதான்.

மூன்றிலும் ஒரு விஷயம் பொது. நீங்கள் முதல்முறை பவர் பட்டனை அமுக்குவதற்கு முன்பே யாரோ ஒருவர் அந்த இயந்திரத்துக்கு வேலை சொல்லிக்கொடுத்து முடித்திருக்கிறார். தொழிற்சாலையில் இருக்கும் ஒருவர், கடையில் இருக்கும் ஒருவர், அல்லது முந்தைய கம்பெனியின் ஐ.டி. பிரிவில் இருந்த ஒருவர். அவர் சொல்லிக்கொடுத்ததைத் துடைத்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக நிறுவ வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது ஏன்?

இந்த ஊரில் இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டிகள் துறைமுக வாசலைத் தாண்டுவதற்கான ஆவணங்கள் கம்ப்யூட்டரில்தான் நகர்கின்றன. ராயபுரத்திலோ மண்ணடியிலோ ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து பில் ஆஃப் என்ட்ரியையும் ஷிப்பிங் பில்லையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றுகிறார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யுஎஸ்பி துளையில் செருகி, பின் எண்ணைத் தட்டினால் அது சட்டப்படி கையெழுத்து. அந்த டோக்கன் செருகப்படும் இயந்திரத்துக்குள் வேறொருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தால், கையெழுத்து யாருடையது?

பட்டனை அமுக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் ஃபர்ம்வேர் இருக்கிறது. பழைய ஆட்கள் பயாஸ் என்பார்கள். இன்றைய வடிவம் யூஇஎஃப்ஐ. அது ரேம், டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்கின் ஒரு சின்னப் பகுதியில் இருக்கும் பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் கெர்னலை எழுப்பும். கெர்னல் டிரைவர்களை ஏற்றும்; பிறகு பின்னணிச் சேவைகள், அதற்கும் பிறகுதான் நீங்கள் பார்க்கும் திரை. இந்த வரிசையில் ஒரு கொடுமையான விதி உண்டு. முன்னால் எழுந்தவன் பின்னால் எழுபவனை ஏமாற்றலாம். பின்னால் எழுந்தவனால் முன்னால் எழுந்தவனை விசாரிக்க முடியாது. இந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்பது கெர்னல். அந்த மட்டத்தில் கெட்டவன் ஒருவன் குடியேறிவிட்டால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று அவனே பதில் சொல்லிவிடுவான். ரூட்கிட் என்று சொல்லப்படும் வகை இதுதான். ஆகவே டிஸ்கில் முதன்முதலில் எழுதியது யார் என்பது, பின்னால் நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் வாங்கினீர்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி.

சீல் பிரிக்காத பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம். தொழிற்சாலையில் ஒவ்வொரு லேப்டாப்பாக உட்கார்ந்து விண்டோஸ் போடுவதில்லை. ஒரு மாதிரி இயந்திரத்தில் எல்லாவற்றையும் அமைத்து, அந்த டிஸ்கை அப்படியே இமேஜாக எடுத்து லட்சக்கணக்கில் நகல் எடுக்கிறார்கள். அந்த இமேஜில் விண்டோஸும் டிரைவர்களும் மட்டும் இருந்தால் பேச்சே இல்லை. ஆனால் லேப்டாப் விற்பதில் மிஞ்சும் லாபம் குறைவு. அந்த இமேஜில் இடம்பிடிக்கப் பணம் கொடுக்க மென்பொருள் கம்பெனிகள் தயார். அதனால்தான் சில நாளில் காலாவதியாகி "புதுப்பியுங்கள்" என்று நச்சரிக்கும் ஆன்டிவைரஸ், யாரும் கேட்காத விளையாட்டு, ஷாப்பிங் ஐகான் எல்லாம் கூடவே வருகின்றன. இதுவரை எரிச்சல் மட்டுமே. எரிச்சல் எப்படி ஆபத்தாக மாறும் என்பதற்கு லெனோவோ 2014இல் ஒரு பாடம் நடத்தியது.

புதுச்சேரியிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும், தமிழ்நாட்டில் அரசு லேப்டாப் வழியாகவும் வீடு வீடாகப் புகுந்த அதே லெனோவோதான். 2014 செப்டம்பர் முதல் சில மாதங்களுக்கு, உலகச் சந்தையில் விற்ற வீட்டு உபயோக லேப்டாப்புகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை அது முன்கூட்டியே போட்டு அனுப்பியது. நீங்கள் பார்க்கும் பக்கங்களில் தன் விளம்பரத்தைச் செருகுவதுதான் அதன் வேலை. ஆனால் வங்கி, மின்னஞ்சல் போன்ற தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டு வருவதால் நடுவில் எதையும் செருக முடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்.

பிரவுசரில் பூட்டுச் சின்னம் தெரிகிறதே, அது எப்படி வருகிறது? வங்கியின் தளம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் கையெழுத்திட்டவர் நம்பத்தக்கவரா என்று உங்கள் கம்ப்யூட்டர் தனக்குள் இருக்கும் ஒரு பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலில் இருப்பவர் கையெழுத்திட்டிருந்தால் மறுபேச்சில்லை. சூப்பர்ஃபிஷ் தன்னையே அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வங்கிக்கும் உங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, வங்கி அனுப்பியதைப் பிரித்து, விளம்பரம் சேர்த்து, வங்கியின் பெயரில் தானே ஒரு சான்றிதழ் எழுதி உங்களிடம் நீட்டியது. பூட்டுச் சின்னம் ஒன்றும் நடக்காததுபோல் தெரிந்தது.

இதற்கும் மேலே ஒரு மடத்தனம். அந்தச் சான்றிதழ்களில் கையெழுத்திடும் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே. அதுவும் லேப்டாப்புக்குள்ளேயே இருந்தது. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரகாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார்: கொமோடியா. அந்த மென்பொருளுக்கான கருவியைச் செய்துகொடுத்த கம்பெனியின் பெயரேதான் கடவுச்சொல். அதன் பிறகு அந்த லேப்டாப்புகளில் ஒன்றோடு ஒரே வைஃபையில் இருக்கும் எவனும், அதனிடம் எந்த வங்கியாகவும் நடிக்கலாம். பயந்துபோய் சூப்பர்ஃபிஷை நீக்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. மென்பொருள் போனது, நம்பிக்கைப் பட்டியலில் அது எழுதிவைத்த பெயர் அப்படியே இருந்தது. 2017இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ சமரசம் செய்துகொண்டது. மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள், 2015 நவம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் டெல்லும் அதே வகைப் பிழையில் மாட்டியது. இடெல்ரூட் என்ற சான்றிதழ். அதே மாதிரி சாவியும் உள்ளேயே. நீங்கள் சான்றிதழை அழித்தால், டெல்லின் வேறொரு உதவி மென்பொருள் அதைத் திரும்பவும் போட்டுவிடும். விளம்பர ஆசையில் அல்ல, வாடிக்கையாளர் சேவையைச் சுலபமாக்கத்தான் வைத்தோம் என்றார்கள். நல்ல எண்ணத்தில் திறந்துவிட்ட ஓட்டைக்குள்ளும் திருடன் வரத்தான் செய்வான்.

பெரிய கம்பெனியின் இமேஜ் இந்த லட்சணம் என்றால், அசெம்பிள் செய்த பெட்டியில் நிலைமை இன்னும் நேரடி. உதிரிபாகங்களுக்குப் பேரம் பேசி நாலாயிரம் குறைத்த பிறகு, விண்டோஸ் உரிமத்துக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. "அதெல்லாம் எதுக்குண்ணே, நான் எல்லாம் போட்டுத் தரேன். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், ஆன்டிவைரஸ்கூட இருக்கு" என்று கடைப் பையன் பென் டிரைவைச் செருகுவான். அந்தப் பென் டிரைவில் இருப்பது எங்கோ ஒருவர் தயாரித்து, பலர் கை மாறி வந்த இமேஜ். காசு கொடுக்காத விண்டோஸைக் காசு கொடுத்ததாக நம்பவைக்கும் ஆக்டிவேட்டர் ஒன்று வேண்டும். அதை ஓட்டுவதற்கு முதல் நிபந்தனை ஆன்டிவைரஸை அணைப்பது. இரண்டாவது, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுப்பது. காவலாளியை அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவனிடம் கொத்துச்சாவியையும் கொடுத்தாகிவிட்டது. அவன் நல்லவனாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

2011இல் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் சீனாவின் பல நகரங்களில் கடைகளில் 20 புதுக் கம்ப்யூட்டர்களை வாங்கிப் பார்த்தார்கள். நான்கில் தீநிரல் இருந்தது. அதில் நிடோல் என்ற ஒன்று, இயந்திரத்தை இயக்கியதுமே தன் எஜமானனைத் தேடி இணையத்தில் பேச ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வாங்கி அந்த வலையை முடக்கினார்கள். 2018இல் இந்தியா உள்ளிட்ட ஒன்பது ஆசியச் சந்தைகளில் 166 புதுக் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சோதித்தபோது 83 சதவீதத்தில் திருட்டு மென்பொருள். அப்படிப்பட்டவற்றில் 84 சதவீதத்தில் ஏதோ ஒரு தீநிரல். சோதனை நடத்தியதும் மைக்ரோசாஃப்ட், திருட்டால் நஷ்டப்படுவதும் மைக்ரோசாஃப்ட். ஆகவே எண்ணை இரண்டு விரற்கடை தள்ளியே வைத்துப் பாருங்கள். பாதியாகக் குறைத்தாலும் பயப்பட வேண்டிய எண்தான்.

இதில் தமிழ்நாட்டுக்கே சொந்தமான ஒரு விசித்திரம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் நம் சென்னை சி-டாக் ஆய்வு மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது, டெபியன் குடும்பம், தமிழில் இயங்கும், உரிமக் காசு கிடையாது. 2013இல் அடுத்த சுற்றுக் கொள்முதலுக்கு விண்டோஸை விட்டுவிட்டு பாஸ் மட்டும் என்று எல்காட் போனது அன்று பெரிய செய்தி. சுத்தமான, சட்டப்படியான, ஒரு பைசா திருட்டு இல்லாத இயக்குதளத்தோடு புது லேப்டாப் ஒரு பிளஸ் டூ மாணவன் கைக்கு வந்தது. அவன் முதல் வாரமே சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். "தம்பி, இதுல கேமும் ஓடாது ஒண்ணும் ஓடாது. செவன் அல்டிமேட் போட்டுத் தரேன்" என்ற ஒரு வாக்கியத்தில் சுத்தமான டிஸ்க் அழிந்து, கடையின் கிராக் விண்டோஸ் ஏறியது. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. மாணவனைக் குறை சொல்ல மாட்டேன். பாஸில் வேலை பார்ப்பது எப்படி என்று பள்ளிக்கூடங்கள் போதிய அளவு சொல்லித்தரவில்லை. கல்லூரியில் கேட்டதோ விண்டோஸில் ஓடும் மென்பொருள். ஃபார்மட் அடிப்பதும் புதிதாக நிறுவுவதும் அதனளவில் சுத்தம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எதை வைத்து நிறுவுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, வேண்டாததை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கினால் போதாதா? கடலிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் திருவொற்றியூர் வீட்டில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர் முதலில் எமரித் தாளை எடுக்கிறார். உப்புக் காற்றில் பிடித்த துருவை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பிறகுதான் வண்ணம். துருவின் மேலேயே அடித்தால் பொங்கலுக்குப் பளபளக்கும். அடுத்த மழைக்குள் உப்பிக்கொண்டு உதிரும். அன்-இன்ஸ்டால் செய்வது துருவின் மேல் பெயின்ட். ஒரு மென்பொருள் தன் ஃபைல்களை மட்டும் போடுவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது, டிரைவர் ஏற்றுகிறது, நேரம் குறித்து ஓடும் பணிகளை அமைக்கிறது, நம்பிக்கைப் பட்டியலைத் திருத்துகிறது. எதையெல்லாம் தொட்டது என்பதற்குச் சாட்சி அந்த மென்பொருள் மட்டுமே. அது சொல்வதை நம்பித்தான் நீக்குகிறீர்கள்.

துறைமுகக்காரர்களுக்கு இது 2017இல் புரிந்தது. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று, உக்ரைன் நாட்டுக் கணக்கர்கள் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற வரிக் கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது. உக்ரைனில் கிளை வைத்திருந்த மார்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்து, அதன் உலக வலையமைப்பையே முடக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையம் நின்றது. நம் எண்ணூர்ச் சாலையில் போகும் நீலச் சதுரத்தில் வெள்ளை நட்சத்திரம் போட்ட பெட்டிகளின் சொந்தக்காரர்கள், தங்கள் பெட்டி எந்தக் கப்பலில் இருக்கிறது என்றே சொல்ல முடியாமல் நின்றார்கள்.

பிறகு அவர்கள் செய்தது என்ன? கெட்டுப்போன இயந்திரங்களைக் குணப்படுத்த உட்காரவில்லை. 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், அத்தனையையும் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஜிம் ஹாகெமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். யாரார் எதை அணுகலாம் என்ற மொத்த வரைபடத்தையும் வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகெங்கும் அழிந்திருந்தன. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. மின்வெட்டால் ஒரு கம்பெனி பிழைத்த கதை நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கவனிக்க வேண்டியது அந்தப் பத்து நாள். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியாத இயந்திரத்தைச் சோதித்துச் சோதித்து நம்புவதைவிட, அழித்து, தெரிந்த இடத்திலிருந்து திரும்ப எழுதுவது மலிவு. 45,000 இயந்திரம் வைத்திருப்பவருக்கே அந்தக் கணக்கு சரியாக வந்தது என்றால், ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

சுத்தமாக நிறுவுவதில் மூன்று காரியம் அடங்கும். நிறுவும் ஃபைலை அதைச் செய்தவரிடமிருந்தே நேராக எடுக்க வேண்டும்: விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, லினக்ஸ் என்றால் அந்தந்தத் திட்டத்தின் தளத்திலிருந்து. லினக்ஸ் தளங்கள் ஃபைலோடு எஸ்எச்ஏ-256 என்ற 64 எழுத்துச் சரத்தையும் வெளியிடுகின்றன. பல ஜிபி ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தச் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இறக்கியதும் கணக்கிட்டு ஒப்பிட்டால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று தெரியும். அடுத்து, பென் டிரைவை நம்பிக்கையான வேறொரு கம்ப்யூட்டரில் தயாரிக்க வேண்டும். விண்டோஸுக்கு 8 ஜிபி போதும். கடைசியாக, நிறுவும்போது டிஸ்கில் இருக்கும் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, ஒதுக்கப்படாத வெற்றிடமாக்கி, அதில் எழுத வேண்டும். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து மற்றதை விட்டுவைப்பது பாதி வேலை. விண்டோஸின் 'ரீசெட்' பட்டனும் இதற்கு ஈடாகாது. லேப்டாப்பிலேயே இருக்கும் இமேஜை வைத்து ரீசெட் செய்தால், கம்பெனி போட்டனுப்பியவை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

உரிமம் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்புகளில், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, உரிம எண் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். உண்மையில் காலை வாருவது வைஃபை டிரைவர். நிறுவி முடித்ததும் இணையம் வரவில்லை, டிரைவரை இறக்க இணையம் வேண்டும் என்று திண்டாடுவார்கள். அதை முதலிலேயே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கிராக் போடுவதற்காகக் கடைக்காரர் செக்யூர் பூட்டை அணைத்திருந்தால், ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் அதைத் திரும்ப இயக்குங்கள். பூட்லோடரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஒரே காவல் அது.

இதற்கும் எல்லை உண்டு, மறைக்க விரும்பவில்லை. டிஸ்கை எவ்வளவு துடைத்தாலும் ஃபர்ம்வேர் அதற்கு முன்னால் எழுகிறது. ஃபர்ம்வேரில் கம்பெனி வைத்திருக்கும் ஒரு நிரலை எடுத்து ஓட்ட விண்டோஸ் 8 முதல் விண்டோஸிலேயே ஒரு வழி இருக்கிறது. லெனோவோ அதைப் பயன்படுத்தி, சுத்தமாக நிறுவிய விண்டோஸிலும் தன் மென்பொருளைத் திரும்பப் போட்டது 2015இல் அம்பலமாகி, ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்து அதை எடுத்தார்கள். லாட் லேப்டாப்பில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். பழைய கம்பெனி தன் பதிவிலிருந்து அந்த இயந்திரத்தை விடுவிக்காமல் விற்றிருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டு இணையத்தில் இணைத்ததும் அந்தக் கம்பெனியின் லாகின் கேட்டு நிற்கும். அதனால் லாட் சரக்கு வாங்கும்போது, கடையிலேயே புதிதாக நிறுவச் சொல்லி, இணையத்தில் இணைத்து, முதல் அமைப்பு முடியும்வரை பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் இதன் அடிமட்டத்தைக் காட்டினார். மூல நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்குள் ஒரு திருட்டுக் கதவை ஒளித்தால், மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் அது தெரியாது. புதுக் கம்பைலரை உருவாக்கினாலும் பழையது அதற்குள் கதவை மறுபடி வைத்துவிடும். ஏதோ ஓர் இடத்தில் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். சுத்த நிறுவல் நம்பிக்கையை ஒழிப்பதில்லை. நம்ப வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்படி செய்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை அலுவலகங்களில் பழைய இயந்திரங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. புதுசு வந்தால், டோக்கனைச் செருகுவதற்கு முன், வங்கித் தளத்தைத் திறப்பதற்கு முன், குழந்தையின் போட்டோவைக் காப்பி செய்வதற்கு முன், அன்றைக்கே இந்த வேலையை முடித்துவிடுங்கள். டிஸ்கில் உங்களுடையது என்று எதுவும் இல்லாத ஒரே நாள் அதுதான். இழக்க ஒன்றும் இருக்காது. கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தரேண்ணே" என்றால், "ஒண்ணுமே போடாமக் குடுங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.